அடியில் நான்கு வரி இடம்

சந்தனமாரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, நான் பாலவனத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அவருடைய கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வி போன் செய்தாள். “மேடம், மாரியக்கா காலையில எந்திரிக்கவே இல்ல மேடம்” என்றாள்.  பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டை வருவதற்குள் எங்கள் தமிழாசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் வரத் தொடங்கிவிட்டது.

முதல் இரங்கலைப் படித்தேன். “ஆய்வுலகின் அன்னையாய், நரிக்குடி மண் தந்த நல்முத்தாய், எண்ணற்ற ஆய்வேடுகளைச் செவ்வனே தட்டச்சு செய்து தந்த அக்காவின் மறைவு என் நெஞ்சைப் பிழிகிறது” என்று ஒரு பத்தி. சரி, துக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவதைப் படித்தேன். அதே பத்தி. மூன்றாவதும் அதேதான், கும்பிடும் கை மட்டும் கூடுதல். இப்படி ஏழு பேர். ஏழு பேருடைய நெஞ்சையும் ஒரே பத்தி பிழிந்திருந்தது. ஒருவருக்கு ஃபார்வர்டு என்று மேலே விழும் குறியை நீக்கக்கூடப் பொறுமை இல்லை. இதில் இன்னொன்று, அக்காவின் ஊர் நரிக்குடிப் பக்கமே கிடையாது. திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிறது. முதலில் எழுதியவர் தப்பாக எழுத, மற்ற ஆறு பேரும் அந்தத் தப்பையும் சேர்த்துத் தூக்கி வந்திருந்தார்கள்.

அடுத்தவர் எழுத்தைத் தன் எழுத்து என்று போடுகிறவர்களை ஆயுள் முழுக்கப் பிடித்து நிறுத்திய மனுஷிக்கு, அடுத்தவர் எழுதிய இரங்கலைத் தன் இரங்கல் என்று போட்டிருக்கிறார்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது ஆத்திரம்தான். அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. அவரிடம் ஆய்வேடு கொடுத்து வாங்கிய நீங்கள் எல்லோரும் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். உங்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. என் முறையும் வரும்.

அக்காவை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ‘மாரி ஜாப் டைப்பிங்’ என்று போர்டு வைத்த ஒற்றை அறைக் கடை அவருடையது. அவர் படித்தது பத்தாம் வகுப்பு. தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் கிரேடு பாஸ். அம்மா இருளாயி காட்டுக் கூலி. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது விசாரித்தால், “மொத்தம் எத்தன பக்கம் வரும்?” என்று வேலையைக் கேட்டு வாயை அடைத்துவிடுவார். சுற்று வட்டாரத்தில் தமிழில் எம்.ஃபில்., பிஎச்.டி. செய்தவர்களில் பாதிப் பேருடைய ஆய்வேடு அவர் விரல் வழியாக வந்ததுதான். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இயந்திரக் காலத்தில் அடிக்குறிப்பு என்றாலே டைப்பிஸ்டுகளுக்கு வேப்பங்காய். இன்றைக்குப் போல அதுவாகக் கீழே போய் உட்காராது. ஒரு பக்கத்தில் எத்தனை அடிக்குறிப்பு, அதற்கு எத்தனை வரி என்று தாளைச் செருகுவதற்கு முன்பே பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி கூடினாலும் பக்கத்தையே திரும்ப அடிக்க வேண்டும். மற்ற கடைகளில், “அதெல்லாம் எதுக்கு, எடுத்துருங்க” என்று மாணவர்களிடமே சொல்லிவிடுவார்கள். மாணவர்களுக்கும் அது வசதிதான். அக்கா மட்டும் ஸ்கேலை வைத்துப் பென்சில் புள்ளி வைப்பார். என் ஆய்வேட்டை அடிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்று சொன்னார்: “கீழ எடம் விட்டுட்டுத்தான் மேல ஆரம்பிக்கணும் தங்கச்சி. மேல பூரா நம்ம பேச்ச ரொப்பிட்டு, கீழ எடமில்லன்னு பெறகு சொல்லக் கூடாது.”

தட்டச்சு வேலையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. கார்பன் தாள் வைத்து அடிக்கும்போது மாணவருக்கு வேண்டிய மூன்று படிகளோடு நான்காவதாக ஒன்று எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொள்வார். மங்கலாக, கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். திருத்தம் வந்தால் பார்ப்பதற்கு என்று ஆரம்பித்த பழக்கம், கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஒரு படி எடுத்து வைப்பதை விடவில்லை. நாளாக ஆக, அந்த அலமாரி எங்கள் எல்லோருக்கும் வில்லங்கமாகிவிட்டது. அடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று கை நிற்கும். “இந்தப் பத்திய என் வெரலு முன்னாடியே அடிச்சிருக்கு தம்பி” என்பார். எழுந்து போய், நான்கு வருடத்துக்கு முந்திய ஒரு படியை உருவிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைப்பார். சத்தம் போட மாட்டார். அடிக்குறிப்பு எழுதிக்கொண்டு வரச் சொல்வார். எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. பில் பணத்தைக் கொடுக்காமலே தாளைப் பிடுங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் இன்று அந்த ஏழு பேரில் இருக்கிறார்கள். பேர் சொல்லட்டுமா?

என் கதைக்கு வருகிறேன். என் எம்.ஃபில். ஆய்வு மானாவாரி விவசாயத் தொழில் பற்றியது. தகவல் சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்று கடையில் உட்கார்ந்து புலம்பினேன். அக்காதான், “எங்கம்மாவப் போயிப் பாருங்க. வேலையப் பாத்துக்கிட்டே பேசும், நீங்கதான் கூடவே நடக்கணும்” என்று ஊரும் வழியும் சொல்லி அனுப்பினார். திருச்சுழி பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். அது ஐப்பசி மாதம். இருளாயி அம்மா கம்பங்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதுபோல நிமிரவே இல்லை. அவர் வரிசையாக முன்னேற, நான் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குனிந்து குனிந்து போனேன். “எழுதுற வேலையில முதுகு வலிக்கும்னு மாரி சொல்லும், நெசந்தான் போல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இது நன்றாக நினைவிருக்கிறது. ஆய்வுக்காக என்ன சொன்னார் என்பது நினைவில்லை. நோட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஆய்வேட்டை எழுதினேன். இருளாயி அம்மாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்டதைக் கலந்து, இழைத்து, நல்ல தமிழாக்கி எழுதினேன். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் போட்டேன். அதில் பத்தாவது பெயர் இருளாயி. வயது 60. சாதி என்று ஒரு கட்டம், அதையும் நிரப்பியிருந்தேன். தொழில்: கூலி. கல்வி: இல்லை. அதை அடித்தது அவர் மகள். தன் அம்மாவுக்கு நேரே ‘கல்வி: இல்லை’ என்று அவரே அடித்தார். அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. நன்றியுரையின் கடைசி வரியில், எல்லோரும் எழுதுவதுபோல, “இவ்வாய்வேட்டைச் செவ்வனே தட்டச்சு செய்து தந்த சந்தனமாரி அவர்களுக்கு நன்றி” என்று எழுதிக் கொடுத்தேன். அடித்து முடித்துத் தாளை உருவியவர் சொன்னார்: “நன்றி யாரு வேணாலும் சொல்லலாம் தங்கச்சி. எங்க எடுத்தீகன்னு சொல்லுங்க. அப்பத்தான் அடுத்து வாரவுக போயிப் பாக்க முடியும்.”

அடிக்குறிப்பெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று எனக்குள் ஒரு எரிச்சல். பேராசிரியர்கள் எழுதிய புத்தகங்களுக்கு எல்லாம் பக்க எண் வரைக்கும் போட்டிருந்தேன். அச்சில் இருந்தவர்களுக்குப் பக்க எண். வாயால் சொன்னவர்களுக்கு வெறும் ‘என்பர்’. யார் என்பர்? எந்த ஊரில் என்பர்? நான் கேட்டுக்கொள்ளவில்லை, என் நெறியாளரும் கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது, அந்தப் பட்டத்தால் வேலையும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து அக்கா என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதை விட்டு மேடம் ஆக்கிவிட்டார். எவ்வளவோ சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் பிஎச்.டி. செய்த ஒரு மாணவன் தன் ஆய்வேட்டைக் கடைசித் திருத்தங்கள் அடித்து பைண்டிங் போட அக்காவின் கடைக்குக் கொண்டுபோனான். சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருந்தது. பல்கலைக்கழகம் கேட்கும் காப்பிச் சோதனையைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, சுத்தம் என்று சான்றிதழும் வாங்கிவிட்டான். இது இவருடைய சொந்த ஆய்வே என்று நெறியாளர் கொடுக்கும் சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பின்னிணைப்பை நான் படிக்கவில்லை. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்? அக்கா படித்தார். அவர் எதையும் படிக்காமல் அடித்ததில்லை.

அதில் நேர்காணல் பட்டியல் என்று ஒன்று. பத்தாவது பெயர்: இருளாயி. வயது 60. நேர்காணல் நாள், அந்த வருடம் வைகாசி மாதத்தில் ஒரு நாள். கூடவே ஒரு குறிப்பு, ‘களை எடுத்துக்கொண்டிருந்தபோது கூறியது’.

நான் அப்போது அங்கே இல்லை. நடந்ததை எனக்குச் சொன்னது செல்வி. அக்கா அந்த மாணவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு, “எங்கம்மாவப் பாத்தீகளா தம்பி? நல்லா இருந்துச்சா?” என்று கேட்டிருக்கிறார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலில் பத்தாவது பேரைக் காட்டி, இது எங்கம்மா என்றிருக்கிறார். அவனும் சுதாரித்துக்கொண்டு, “ஆமாக்கா, பாத்தேன். நல்லா இருந்தாங்க, நல்லாப் பேசுனாங்க” என்றிருக்கிறான். வைகாசி வெயிலில் எந்தக் காட்டில் களை எடுத்தது என்று அக்கா கேட்டாராம். நம் பக்கம் வைகாசியில் காடெல்லாம் வெடித்துக் கிடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் முழித்திருக்கிறான். அப்புறம்தான் சொன்னாராம்: “எங்கம்மா செத்து ஒம்பது வருசமாச்சு தம்பி. ஒங்கிட்டயாவது வந்து பேசிட்டுப் போச்சேன்னு நெனச்சேன்.”

எனக்குப் போன் செய்து பைண்டிங் போட மாட்டேன் என்றார். எனக்கு வந்ததே கோபம். இரண்டு நாளில் சமர்ப்பிக்க வேண்டும், என் கையெழுத்து போய்விட்டது, துறையில் தலைகுனிவு. அந்தக் கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “நீங்க அடிக்கிற வேலைய மட்டும் பாருங்கக்கா. ஆய்வ நாங்க பாத்துக்கிறோம்.”  “நீங்க பாக்கலியே மேடம்” என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. போனால் மேஜையில் ஐந்து ஆய்வேடுகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. நான்கு அவர் அலமாரியில் இருந்த படிகள், ஐந்தாவது என் மாணவனுடையது. கம்ப்யூட்டரில் சுத்தம் என்று வந்ததே என்று முனகினேன். “கம்ப்யூட்டருக்கு எங்கம்மா செத்தது தெரியாதுல்ல மேடம்” என்றார். என் கார்பன் படியை முதலில் காட்டினார். தகவலாளர் பட்டியல், பத்தாவது பெயர் இருளாயி, வயது 60. இரண்டாவது ஆய்வேட்டிலும் அதே பட்டியல். மூன்றாவதிலும் அதே. நான்காவதிலும் அதே. நேர்காணல் நாள் மட்டும் ஒவ்வொன்றிலும் புதிது. இத்தனை வருடம் போயும் இருளாயி அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டவில்லை. செத்த பிறகும் இரண்டு பேருக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். முந்திய பட்டியல்களில் தன் கை எப்படி நிற்காமல் போனது என்றுதான் அக்காவுக்கு அன்று வருத்தம். அம்மா இருந்தபோது யாரோ வந்து பார்த்திருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். அம்மா போன பிறகு வந்த நான்காவது ஆய்வேட்டில் பின்னிணைப்பை மட்டும் வேறு கடையில் அடித்துக் கொண்டுவந்து சேர்த்து பைண்டிங் கேட்டார்களாம்.

பட்டியலோடு அது முடியவில்லை. அக்கா வேறொரு வரியை விரல் வைத்துக் காட்டினார். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது நம் பக்கம் உண்டு, புழுதி விதைப்பு என்பார்கள். அதைப் பற்றி என் ஆய்வேட்டில் நான் எழுதியிருந்தது இது: “புழுதி விதைப்பு முடிந்தபின் உழவர் வானை நோக்குவதில்லை, எறும்பையே நோக்குவர் என்பர்.” அடிக்குறிப்பு இல்லை. இரண்டாவது ஆள் அதை எடுத்து, எறும்பை நோக்குவது இவ்வட்டார வழக்கம் என்று எழுதியிருந்தார். மூன்றாவது ஆள், எறும்பை நோக்கி நிற்பது மரபு என்றார். நான்காவது ஆள், மழை வேண்டி எறும்பின் முன் நிற்பர் என்றார். என் மாணவன் அதற்குத் துணைத்தலைப்பே கொடுத்திருந்தான்: ‘எறும்பு வழிபாடு’.

கடைசியாக அக்கா ஒரு ஆய்விதழைத் திறந்தார். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், நான்காவது ஆய்வேட்டை நம்பி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மக்களின் எறும்பு வழிபாட்டுக்குத் தத்துவ விளக்கம் கொடுத்து ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். நான்காவது ஆய்வேட்டுக்கு முறையாகப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு. அந்த ஒரு கட்டுரையில்தான் அடிக்குறிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

“நம்ம பக்கம் எறும்பக் கும்பிட்டவுகள நீங்க பாத்திருக்கீகளா மேடம்?” என்று கேட்டார் அக்கா. “நான் நசுக்கித்தான் பாத்திருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. என் பழைய ஆய்வேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அந்த வரியை முதலில் எழுதியது நான்தான் என்பதால், எனக்கு அதைச் சொன்னது யார் என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர், யாரென்று தெரியாது என்றேன். அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. அவ்வளவு வருடப் பழக்கத்தில் அந்த ஒரு முறைதான் கேட்டேன். “சாதி என்னன்னு கேட்டு எழுதத் தெரிஞ்சிருக்கு. கல்வி இல்லைன்னு எழுதத் தெரிஞ்சிருக்கு. எந்தப் பேச்சு யாரு பேச்சுன்னு எழுதத் தெரியலயா மேடம்?”

பட்டியலில் நானே நிரப்பிய கட்டங்களை மறுபடி படித்தேன். 

கொஞ்சம் ஆறிய பிறகு அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இருளாயி அம்மாவின் குரல் எங்கும் பதிவாகவில்லை. போட்டோ என்று இருப்பது ஓட்டர் கார்டில் ஒன்று, அதிலும் கண் மூடியிருக்கிறது. அம்மாவின் பேச்சு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது என் ஆய்வேட்டில் மட்டும்தான் என்றார். ஆனால் அதில் எது அம்மா பேச்சு என்று மகளுக்கே தெரியவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் நான் ‘என்பர்’ ஆக்கி வைத்திருந்தேன். எறும்பு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். “எங்கம்மா பேசுற மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரின்னு வச்சு நம்மளா எழுதிரக் கூடாதுல்ல” என்றார். சொந்த அம்மாவின் பேச்சையே ஆதாரம் இல்லாமல் அம்மாவுடையது என்று சொல்ல அந்த மனுஷிக்கு மனம் வரவில்லை. நாங்களோ, முகமே பார்க்காதவர்களைப் பார்த்ததாக எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தோம்.

“நீங்க காட்டுல வச்சு எழுதுன நோட்டு இருக்குமே மேடம், அதுல யாரு சொன்னதுன்னு இருக்கும்ல?” என்றார். எங்கள் பழைய வீட்டில் இருக்கும், தேடித் தருகிறேன் என்று சொன்னேன்.

மாணவனின் ஆய்வேட்டை நிறுத்தினேன். என் சான்றிதழைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். துறையில் பெரிய ரகளை. ஒரு டைப்பிஸ்ட் சொன்னாள் என்று பிஎச்.டி.யை நிறுத்துவதா என்று குதித்தார்கள். இனிமேல் அந்தக் கடைக்கு யாரும் போகக் கூடாது என்று வாய்மொழியாகவே உத்தரவு போட்டார்கள். மாணவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அக்கா கல்யாணப் பத்திரிகையும், மனுவும், பள்ளிக்கூடத்து வினாத்தாளும் அடித்துக் காலம் தள்ளினார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்று உத்தரவு போட்ட அதே வாயால் இன்று ‘ஆய்வுலகின் அன்னை’ என்கிறார்கள். அன்னை என்று சொல்லிவிட்டால் அவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை பாருங்கள், எவ்வளவு வசதி!

அந்த மாணவன் மட்டும் உண்மையாகவே ஊர் ஊராக அலைந்தான். கூடுதலாக ஒன்றரை வருடம் ஆனது. புதிய ஆய்வேட்டில் ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே பேசியவர் பெயர் இருந்தது. அதை அக்காதான் அடித்தார். அக்காவின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்பே வந்து வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். இரங்கல் போட்ட ஏழு பேரில் ஒருவரும் அங்கே வரவில்லை. குழுவில் அவனும் எழுதியிருந்தான், எட்டாவதாக, ஒரே வரி: “நான் பார்க்காத ஒருவரைப் பார்த்ததாக எழுதினேன், அக்கா பைண்டிங் போட மறுத்துவிட்டார்.” அதை யாரும் காப்பி அடிக்கவில்லை.

நோட்டு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். நான் தேடவில்லை. தர ஆய்வுக் குழு வருகிறது, விடைத்தாள் திருத்தப் போகிறேன், மகனுக்குப் பரீட்சை என்று நாளைக் கடத்தினேன். அக்கா அதற்குப் பிறகு இரண்டு முறைதான் கேட்டார். இரண்டாவது முறை, போன தையில் வழியில் பார்த்தபோது. “கெடச்சாச் சொல்லுங்க மேடம், நான் இங்கனதான இருக்கேன்” என்றார். கிடைக்கும் அக்கா, தேடுகிறேன் என்றேன். அன்று வீட்டுக்குப் போயும் தேடவில்லை.

அவர் காரியம் முடிந்த மறுநாள் பாலவனத்தம் பழைய வீட்டுக்குப் போய், என் சான்றிதழ்கள் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சான்றிதழ்களுக்கு அடியிலேயே நோட்டு இருந்தது. தேட எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். தள்ளிப்போட்டது நான்கு வருடம். இதற்கு என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்களே நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்லுங்கள், அடிக்குறிப்போடு போட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் இருளாயி அம்மாவின் பெயர் போட்டு இரண்டு பக்கம் இருந்தது. ஓரத்தில் களைச்செடியின் பச்சைக் கறை. இரண்டாம் பக்கத்தில், அவர் சொன்னபடியே, நான் இழைத்து நல்ல தமிழாக்குவதற்கு முன்னால் இருந்தபடியே, இது இருந்தது:

“புழுதியில வெதச்சுப்புட்டு நான் வானத்தப் பாக்க மாட்டேன் தாயி. எறும்பத்தான் பாப்பேன். மழ வராட்டியும் வெத கெடக்கும். எறும்பு வந்தா வெத போயிரும்ல.”¹

மகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆதாரம் என் பெட்டியில் இருந்ததால் சொல்லாமல் இருந்துவிட்டார். அது உங்கம்மா பேச்சுதான் அக்கா, வரிக்கு வரி உங்கம்மா பேச்சுதான் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அவருடைய பென்சிலை அல்ல, அதைச் செல்வி வைத்திருக்கிறாள். எழுதத் தொடங்கும் முன் தாளின் அடியில் புள்ளி வைக்கும் அந்தப் பழக்கத்தை. இந்தக் கட்டுரையைக் கையால்தான் எழுதினேன். முதல் வரி எழுதும் முன்பே கடைசித் தாளின் அடியில் புள்ளி வைத்து, நான்கு வரிக்கு இடம் விட்டுவிட்டுத்தான் மேலே தொடங்கினேன்.

—

1. சொன்னவர்: இருளாயி, திருச்சுழிக்குத் தெற்கே, கம்பங்காட்டில் களை எடுக்கும்போது, ஓர் ஐப்பசியில்.
என்னை அங்கே அனுப்பியவர்: அவர் மகள் சந்தனமாரி, தட்டச்சர், அருப்புக்கோட்டை.
ஆதாரம்: என் கள நோட்டு, இருளாயி பெயரிட்ட இரண்டாம் பக்கம்.
கேட்டு எழுதியவளும் பெயரை விட்டவளும்: நான்.